பெயர் நின்றது, ஊர் மறைந்தது: பிரெஞ்சுத் தீவுகளிற் குடியேறிய தமிழர்தம் மரபுவழித் தேடல்

பேரன் என்று நாம் இன்று வழங்கும் சொல் பெயரன் என்பதன் மரூஉ என்பது மாணாக்கரும் அறிந்ததே. பாட்டன் பெயரைத் தாங்குபவன் ஆதலின் பெயரன் எனப்பட்டான். இவ்வழக்கினால் ஒரு குடியிற் பெயர்கள் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் மீண்டும் மீண்டும் தோன்றும். முத்துசாமியின் மகன் வேலாயுதம். வேலாயுதத்தின் மகன் மீண்டும் முத்துசாமி. ஆயின் குடி முழுமைக்கும் உரியதாய், தலைமுறை பல கடந்தும் மாறாது வரும் ஒரு பெயர் நம்மிடையே பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயர் மகனுக்கு முதலெழுத்தாய்ச் சுருங்கும். அவன் மகனுக்கு அவ்வெழுத்தும் மாறிவிடும். நீத்தார் கடனிற் பிண்டம் இடுங்கால் கூறப்படுவன தந்தை, பாட்டன், பூட்டன் என்னும் மூவர் பெயர்களே. அவர்க்கு அப்பால் ஓட்டன், எள்ளுப்பாட்டன் என முறைப்பெயர்கள் உள்ளன. ஆட்பெயர்களைக் கூறுமாறு வினவினால் நம்முட் கற்றாரும் தயங்குவர்.

ஊரின் நிலையோ வேறு. பெயரை மறந்த குடியும் ஊரை மறப்பதில்லை. பஞ்சத்தாலோ பகையாலோ ஓரூரை விட்டு வேற்றூர் புகுந்து ஐந்தாறு தலைமுறை கழிந்த பின்னரும், குலதெய்வத்திற்குப் பொங்கலிடப் பழைய ஊருக்கே செல்லும் குடிகள் தமிழகமெங்கும் உள. தன் எள்ளுப்பாட்டன் பெயர் அறியாதவன், அவன் வணங்கிய தெய்வம் எவ்வூர் எல்லையில் நிற்கின்றது என்பதை ஐயமின்றிக் கூறுவான்.

இவ்விரு நிலையும் தலைகீழாக மாறிய இடம் ஒன்று உண்டு. இந்துமாக்கடலில் உள்ள ரீயூனியன் தீவிலும், கரிபியக் கடலில் உள்ள குவாதலூப், மார்த்தினீக் தீவுகளிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் குடியேறிய தமிழரின் வழியினர் இன்று பிரெஞ்சு மொழியும் கிரியோல் மொழியும் பேசுகின்றனர். அவர்களுக்கு முன்னோனின் பெயர் குடிப்பெயராய் நிலைத்துவிட்டது. முன்னோனின் ஊர் மறைந்துவிட்டது. தாயகத்தில் நின்றது எதுவோ அது ஆங்கு அழிந்தது. தாயகத்தில் அழிந்தது எதுவோ அது ஆங்கு நின்றது. ஆதலின், தம் வேர் தேடிப் புதுச்சேரிக்கு வருவோர் கையிற் பெயரைக் கொண்டு வந்து ஊரைக் கேட்கின்றனர். ஊரில் இருப்போரோ அப்பெயரை அறியார். இவ்விரண்டையும் இணைக்கும் பணி வரலாற்றாசிரியர்க்கு மட்டும் உரியதன்று. அதிற் பெரும்பகுதி தமிழ் மொழியியலுக்கு உரியது என்பதே இக்கட்டுரையிற் கூறப்புகும் கருத்து.

இக்குடியேற்றத்தின் வரலாற்றைச் சுருங்கக் கூறுதல் போதும். பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை 1848-ஆம் ஆண்டு ஏப்பிரல் 27-ஆம் நாள் ஆணையால் ஒழிக்கப்பட்டது. ரீயூனியனில் அவ்வாணை அவ்வாண்டு டிசம்பர் 20-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் ஆளின்றித் திகைத்து, இந்தியாவிலிருந்து ஐந்தாண்டு ஒப்பந்தத்தின்மீது கூலியாட்களை வருவிக்கத் தொடங்கினர். ரீயூனியனுக்கு அதற்கு முன்னரே சிறு அளவில் இந்தியர் சென்றிருந்தனர். 1848-க்குப் பின் சென்றவர் தொகை ஓரிலக்கத்திற்கு மேற்பட்டது. ஓரேலி என்னும் கப்பல் 1853-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் மார்த்தினீக்கை அடைந்தது. அக்கப்பலே 1854-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களிற் குவாதலூப்பையும் அடைந்தது. கரிபியன் இந்தியரைப் பற்றி விரிவாக ஆராய்ந்த புவியியலறிஞர் சிங்காரவேலு அவர்களின் நூல்களால், குவாதலூப்புக்கு ஏறத்தாழ 42,000 பேரும் மார்த்தினீக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும் சென்றனர் என அறிகின்றோம். 1861-ஆம் ஆண்டு பிரான்சும் இங்கிலாந்தும் செய்துகொண்ட உடன்படிக்கை ஆங்கில இந்தியாவிலும் ஆள்திரட்ட வழி வகுத்தது. கொடுமைகள் வெளிப்பட்டமையால் ரீயூனியனுக்கு ஆள் அனுப்புதல் 1882-லும், கரிபியத் தீவுகளுக்கு அனுப்புதல் 1888-லும் ஆங்கில அரசால் நிறுத்தப்பட்டன.

இவ்வரலாற்றில் மரபு தேடுவோர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கப்பல்கள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் புறப்பட்டன. ஆட்கள் அனைவரும் அவ்வூர்களின் குடிகளல்லர். தஞ்சை, திருச்சிராப்பள்ளி, தென்னார்க்காடு முதலிய ஆங்கில மாவட்டங்களிலிருந்து மேஸ்திரிகளால் திரட்டப்பெற்றுத் துறைமுகத்திற்குக் கொண்டுவரப்பட்டோர் பலர். துறைமுகத்திற் பெயர் எழுதப்பட்டமையால், பின்னாளில் அவர்தம் வழியினர் நினைவில் ‘புதுச்சேரி’ என்றோ ‘காரைக்கால்’ என்றோ மட்டும் நின்றது. நுழைவாயிலை வீடு எனக் கருதுவது போன்றதே இது. புதுச்சேரிக் கடற்கரையில் நின்று, இதுவே எம் முன்னோர் ஊர் என்று கண்ணீர் உகுப்போரைக் காணுங்கால் அவர்தம் உணர்வை நாம் மதிக்கின்றோம். ஆயினும் அவர்களுட் பலர்க்கு அக்கடற்கரை முன்னோர் கடைசியாக மிதித்த மண்ணே அன்றிப் பிறந்த மண் அன்று.

ஊர்ப்பெயர் எங்கேனும் எழுதப்பட்டதா எனின், எழுதப்பட்டது. குடியேறியோர் ஒவ்வொருவர்க்கும் ஓர் எண் வழங்கிப் பதிவேடுகளில் எழுதும் முறை எல்லாக் குடியேற்ற நாடுகளிலும் இருந்தது. ஆங்கிலேயர் ஆண்ட நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை சென்ற 1,52,184 பேரின் கப்பற்பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, உடல் அடையாளம், மாவட்டம், வட்டம், சிற்றூர் எனக் கட்டங்கள் வகுக்கப்பட்டிருந்தன. மொரீசியசின் குடியேற்ற ஆவணங்கள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்திற் பேணப்படுகின்றன. ஆங்குக் குடியேறியோரின் ஒளிப்படங்களும் உள. பிரெஞ்சுத் தீவுகளின் பதிவேடுகள் இவ்வளவு சீராக நமக்குக் கிட்டவில்லை. எனினும் முற்றும் இல்லாமற் போகவில்லை. பிரெஞ்சு அரசு 1776-ஆம் ஆண்டிலேயே குடியேற்ற நாடுகளின் பொது ஆவணங்களுக்குப் படியெடுத்துத் தாய்நாட்டிற்கு அனுப்புமாறு கட்டளையிட்டிருந்தது. அதன் பயனாய்ப் பிறப்பு, மணம், இறப்புப் பதிவேடுகளின் இரட்டைப் படிகள் ஏக்ஸ் நகரத்துக் கடல்கடந்த நாட்டு ஆவணக் காப்பகத்தில் உள. அவற்றுட் பெரும்பகுதியை இன்று இணையத்தின் வழியாக வீட்டிலிருந்தே பார்க்கலாம். ரீயூனியனில் இறந்த ஒருவரின் இறப்புப் பதிவில் ‘இந்தியாவிற் பிறந்தவர்’ என்ற தொடரை அடுத்து ஊர்ப்பெயர் போன்ற ஒரு சொல் சில வேளைகளிற் காணப்படும். இடர்ப்பாடு ஈண்டே தொடங்குகின்றது. அச்சொல்லைப் படிப்பது எவ்வாறு?

இதனை விளக்க வில்லியனூர் வட்டாரத்துச் செல்லிப்பட்டை எடுத்துக்கொள்வோம். சங்கராபரணி ஆற்றங்கரையில், பிரெஞ்சு ஆட்சிக்காலத்துப் படுகை அணையால் அறியப்படும் சிற்றூர் இது. செஞ்சி மலைப்பக்கமிருந்து வரும் இவ்வாற்றைச் செஞ்சியாறு என்றும் வராக நதி என்றும் கூறுவர். பட்டு என்பது சிற்றூரைக் குறிக்கும் பழஞ்சொல். செல்லி என்பது ஊர்த்தெய்வமாகிய செல்லியம்மனைக் குறித்தது எனக் கொள்ளல் பொருந்தும். இவ்வூரிலிருந்து 1860-ஐ ஒட்டி, குப்பன் மகன் நாகப்பன் என்பான் ஒருவன் கப்பலேறினான் எனக் கற்பனையாகக் கொள்வோம். ஆளைக் கற்பிக்கின்றோமே அன்றி, அவன் பெயரும் ஊரும் எழுத்திற் கடந்து சென்ற வழியைக் கற்பிக்கவில்லை.

எழுத்தர் பிரெஞ்சுக்காரர், அல்லது பிரெஞ்சு பயின்றவர். நாகப்பன் எழுத்தறியாதவன்; ஆதலின் எழுத்தர் கண்ணாற் கண்டு எழுதவில்லை, காதாற் கேட்டு எழுதினார். ஊர் எது என்று வினவ, அவன் ‘செல்லிப்பட்டு’ என்றான். முதலெழுத்தாகிய சகரத்தை எசு என்னும் எழுத்தால் எழுதுதல் ஒருவகை. சி, எச் என்னும் இரண்டெழுத்தால் எழுதுதல் மற்றொருவகை. பிந்தியது ஆங்கிலத்திற் சகரத்தையும் பிரெஞ்சில் ஷகரத்தையும் குறிப்பதாகலின், எவ்வரசின் எழுத்தர் எழுதியது என்பதறியாமற் படித்தல் இயலாது. இறுதியில் உள்ள ‘பட்டு’ இன்னும் பெரிய குழப்பம் தருவது. மண்ணாடிப்பட்டு பிரெஞ்சு ஆவணங்களில் ‘மன்னாதிபெத்’ என எழுதப்பட்டது. முதலியார்பேட்டை ‘மொதேலியார்பெத்’ என எழுதப்பட்டது. பட்டும் பேட்டையும் ஒரே வடிவில் ஒடுங்கிவிட்டன. இன்றும் அரசுப் பலகைகளில் உரோமன் எழுத்தில் மண்ணாடிப்பட்டு ‘மன்னாடிபேட்’ என்றே காணப்படுகின்றது. செல்லிப்பட்டும் அவ்வாறே ‘செல்லிபேட்’ ஆகின்றது. குவாதலூப்பிலிருந்து ‘செல்லிபெத்’ என்ற சொல்லுடன் வருபவர், செல்லிப்பேட்டை என ஓரூரைத் தேடி அலைந்து, காணாது திரும்புதல் கூடும். பட்டு என்னும் ஈற்றைப் பெத் என எழுதிய வழக்கை அறிந்த தமிழாசிரியர் ஒருவர் அரை நாழிகையில் அவருக்கு வழிகாட்ட இயலும்.

ஏனைய ஊர்களையும் நோக்குக. வில்லியனூர் ‘வில்னூர்’ ஆயிற்று. பாகூரின் நடு எழுத்து ஹகர ஒலியாய் எழுதப்பட்டது. திருபுவனை ‘திருபுவனே’ எனவும், அரியாங்குப்பம் ‘அரியாங்குப்போம்’ எனவும், கடலூர் ‘குதலூர்’ எனவும், வழுதாவூர் ‘வால்தவூர்’ எனவும் எழுதப்பட்டன. உழவர்கரை ‘உல்கரே’ ஆன வகை வியக்கத்தக்கது. ழகரம் லகரமாக, வகரம் முழுதும் மறைந்துபோக, ஓர் ஊரே உருத்தெரியாமற் போயிற்று. ழகரத்தைச் சில எழுத்தர் லகரமாகவும் சிலர் ஜகரமாகவும் எழுதினர். வேளாளர் பெயர் அக்கால ஆவணங்களில் ‘வெல்லாஜா’ எனக் காணப்படுவது இதனால்.

இவற்றைத் தாறுமாறான பிழைகள் எனத் தள்ளிவிடுதல் நம்மவர் இயல்பு. நாமும் பல்லாண்டு அவ்வாறே கருதியிருந்தோம். ஆட்பெயர்களை நெருங்கி ஆராய்ந்த பின்னரே, இவற்றுள் ஓர் ஒழுங்கு இருத்தல் புலனாயிற்று. குவாதலூப்பில் நாகப்பன் வழியினரின் குடிப்பெயர் நகபின் என்ற எழுத்துக்களால் எழுதப்படுகின்றது. பிரெஞ்சில் அதன் இறுதி ‘ஏ’ என்னும் உயிரை மூக்கொலியுடன் கூறுவதாகும். கோவிந்தன் ‘கொவிந்தின்’ ஆயினான். கருப்பன் ‘கர்ப்பின்’ ஆயினான். இவையெல்லாம் அன் ஈற்றுப் பெயர்கள். சிதம்பரம் என்பதோ ‘சிதம்பரோம்’ என எழுதப்பட்டது. சௌந்தரம் ‘சௌந்தரோம்’ எனவும், அரியாங்குப்பம் மேற்கூறியவாறும் எழுதப்பட்டன. இவை அம் ஈற்றுப் பெயர்கள். பிரெஞ்சில் இவ்வீறு ஒகரத்தை மூக்கொலியுடன் கூறுவதாகும்.

இனி, நம் பேச்சுத் தமிழை நோக்குவோம். ‘அவன் வந்தான்’ என நாம் இயல்பாகப் பேசுங்கால் அவன் என்பதன் இறுதி னகர மெய் முழுமையாக ஒலிப்பதில்லை. முன்னுள்ள உயிர் எகரச் சாயல் பெற்று மூக்கொலியாகின்றது. ‘மரம்’ என்பதன் இறுதி மகரமும் அவ்வாறே மறைந்து, முன்னுள்ள உயிர் ஒகரச் சாயல் பெற்று மூக்கொலியாகின்றது. இஃது இக்கால மொழியியலார் பலரும் எடுத்துக்காட்டிய உண்மை. பிரெஞ்சு மொழியில் இவ்விரு மூக்கொலி உயிர்களும் இயல்பாகவே உள்ளன. ஆதலின் எழுத்தர் தம் காதிற் கேட்டதைத் தம் மொழியின் எழுத்தால் மிகத் துல்லியமாகவே எழுதினார். பிழை அவருடையதன்று; அதனை எழுத்துத் தமிழின் வடிவத்தோடு ஒப்பிட்டுப் பிழை எனக் கூறும் நம்முடையதே. பிள்ளை என்பது ‘புல்லே’ என எழுதப்பட்டதும் இவ்வாறே. ரீயூனியனில் அரசியலிற் புகழ்பெற்ற வீரப்புல்லே என்னும் குடிப்பெயர் வீரப்பிள்ளை என்பதன் பேச்சு வடிவம் என்றே தோன்றுகின்றது. ‘புள்ளே’ என்று இன்றும் சிற்றூரிற் கூறுவோர் உளரன்றோ? ஐகார ஈறு ஏகாரமாய் எழுதப்படுதலைத் திருபுவனையிலும், சின்னமலை என்பதன் வடிவாகிய ‘சினிமலே’ என்னும் குடிப்பெயரிலும் காண்கின்றோம். இராமசாமி, முத்துசாமி முதலிய பெயர்களில் எசு என்னும் எழுத்து இரட்டித்து எழுதப்படுவதற்குக் காரணம், இரண்டு உயிர்க்கு நடுவே அவ்வெழுத்துத் தனித்து வரின் பிரெஞ்சில் அதன் ஒலி மாறிவிடும் என்பதே.

இவ்விதி ஆட்பெயர்க்கு மட்டும் உரியதாயின் ஐயுறலாம். கோயில் வழக்கிலும் அதுவே காணப்படுகின்றது. மார்த்தினீக் தீவில் வணங்கப்படும் தெய்வங்களுள் ஒன்று ‘மல்தெவிலின்’. அது மதுரைவீரனே. ‘மரியெமின்’ என்பாள் மாரியம்மன். இரண்டும் அன் ஈறு. கூத்தினைக் குவாதலூப்பில் ‘நாத்ரோம்’ என்பர்; அது நாடகம், அம் ஈறு. நூற்றெழுபது ஆண்டுக்கு முன் எழுத்தறியாத உழவர் பேசிய தமிழின் ஒலிச் சான்று, தமிழ் வழங்காத தீவிற் பாதுகாக்கப்பட்டுள்ளது. தமிழ் ஒலிவரலாறு எழுதுவோர் இதுகாறும் இதனைப் பெரிதாகப் பயன்கொள்ளாமை வருந்தத்தக்கது. விதிக்கு மாறானவையும் உள. குப்பன் என்பது ‘குப்பான்’ என அகரமாகவே நின்றது. வட்டார வேறுபாடோ எழுத்தர் வேறுபாடோ என்பது பெயர்களைத் தொகுத்து எண்ணிப் பார்த்தாலன்றித் துணிய இயலாது.

பெயர் குடிப்பெயரான முறையையும் ஈண்டுக் கூறவேண்டும். பிரெஞ்சுச் சட்டத்தில் ஒவ்வொருவர்க்கும் குடிப்பெயர் இன்றியமையாதது. குடியேறியவனிடம் அத்தகைய பெயர் இல்லை. அவனுக்கு உரிய ஒரே பெயரை எழுத்தர் குடிப்பெயராகக் கொண்டார். அவன் மக்களுக்குக் கிறித்தவப் பெயர் ஒன்று முன்னே சேர்ந்தது. தாயகத்தில் இருந்திருப்பின் இரு தலைமுறையில் முதலெழுத்தாய்ச் சுருங்கி மறைந்திருக்க வேண்டிய நாகப்பன், ஆங்கு ஆறு தலைமுறையாய் அழியாது வாழ்கின்றான்.

பெண்பெயர்கள் குடிப்பெயரானமை இதனினும் நுட்பமானது. மினாட்சி, லட்சிமி என்பன குடும்பப் பெயர்களாய் வழங்குகின்றன. கோயில் முறைப்படியோ ஊரார் அறியவோ நிகழ்ந்த திருமணம் சட்டத்தின் கண்ணில் மணமன்று. அத்தகையோர் மக்கள் தாயின் மக்களாகவே பதியப்பெற்று, தாயின் பெயரைக் குடிப்பெயராய்ப் பெற்றனர். எனவே அத்தகைய குடிப்பெயர் உடையார் தம் மரபைத் தேடுங்கால் தந்தைவழி தேடுதல் பயனின்று. மீனாட்சி என்னும் ஒரு தாயைத் தேடல் வேண்டும். தாயைத் தலைமையாய்க் கொண்ட கொடிவழி தமிழ்நாட்டுப் பதிவேடுகளிற் காண்டற்கரியது. எழுத்தர் ஒருவரின் சட்டப்பற்றினால் ஆங்கு உண்டாயிற்று.

குடியுரிமை பெறப் போராடிய ஒருவரும் இவ்வீற்றுப் பெயருடையவரே. குவாதலூப்பிற் காபேசுத்தேர் என்னும் ஊரில் 1863-இற் பிறந்த ஆன்றி சிதம்பரம், இந்தியரின் மக்களை வாக்காளர் பட்டியலிற் சேர்க்க மறுத்தமையை எதிர்த்து 1904-இல் வழக்காடத் தொடங்கினார். 1923 வரை அப்போராட்டம் நீண்டது. முடிவில் அத்தீவிற் பிறந்த இந்திய வழியினர் பிரெஞ்சுக் குடிமக்கள் என்பது ஏற்கப்பட்டது. அவர் 1952-இல் மறைந்தார். அவர் தலைமுறைக்குத் தாம் இந்தியரல்லர், பிரெஞ்சுக்காரரே என்று நிறுவுதல் வாழ்வுக்குத் தேவையாயிற்று. அவர்க்கு நான்கு தலைமுறை பிந்தியோர் தாம் இந்திய வழியினர் என்பதற்குத் தாள் தேடுகின்றனர்.

வழிபாட்டைக் கொண்டு ஊரை அறிதல் ஆகாதோ எனச் சிலர் வினவுவர். ஓரளவே ஆகும். தீவினர் வழிபாட்டில் ‘நகூருமிரா’ என ஒரு பெயர் வருகின்றது. அது நாகூர் ஆண்டவரைக் குறித்தல் வெளிப்படை. காரைக்காலை அடுத்த கரைநாட்டு மக்கள் பலர் சென்றனர் என்பதற்கு அது துணையாகும். ரீயூனியனிற் சிறப்பாக நிகழும் தீமிதி திரௌபதி வழிபாட்டைச் சார்ந்தது. அவ்வழிபாட்டின் உள்நாடு செஞ்சியைச் சூழ்ந்த பகுதி என்பது ஆல்ப் இல்தபைத்தல் என்னும் அறிஞர் விரிவாக ஆராய்ந்த பொருள். செல்லிப்பட்டின் ஆறு அச்செஞ்சி நாட்டிலிருந்தே வருகின்றது. இதுகொண்டு, தீமிதிப்போர் அனைவரும் சங்கராபரணிக் கரையிலிருந்து சென்றோர் எனக் கூறின் அது தவறு. திரௌபதியம்மன் கோயில்கள் தஞ்சை நாட்டிலும் மிகப் பல. மேலும் ஒரு தோட்டத்திற் பல ஊரினர் சேர்ந்து வாழ்ந்தமையால், ஒருவர் கொணர்ந்த தெய்வம் எல்லார்க்கும் பொதுவாயிற்று. குலதெய்வம் ஆங்குக் குலத்தை விட்டுத் தோட்டத்துத் தெய்வமாய் மாறியது. தாயகத்தில் ஊர் காட்டும் குறி அங்கே ஊர் காட்டாது.

பதிவேடுகளிற் காணும் சாதிக் குறிப்பும் நம்பத்தக்கதன்று. ஆள்திரட்டுவோர் கூறியதும், எழுத்தர் விளங்கிக்கொண்டதும், ஏறுவோன் தன்னை மறைத்துக் கூறியதும் ஒரு சொல்லிற் கலந்து நிற்கின்றன. கடல் கடந்தால் வேறோர் ஆளாகலாம் எனக் கருதிச் சென்றோரும் இருந்திருப்பர். அவ்விருப்பத்தை நூற்றைம்பது ஆண்டு கழித்து நாம் குலைக்க வேண்டுவதில்லை.

இனித் தாயகத்துச் சான்றுகள். செல்லிப்பட்டில் 1835-ஐ ஒட்டிப் பிறந்திருக்கக்கூடிய நம் நாகப்பனின் பிறப்புப் பதிவைத் தேடினால் கிட்டாது. கத்தோலிக்கர்க்குத் திருமுழுக்குப் பதிவேடுகள் புதுச்சேரியிற் பதினேழாம் நூற்றாண்டு முதலே உள. இந்துக்கள், முசுலிம்களின் பிறப்பிறப்புகளோ 1880-ஆம் ஆண்டு ஆணையை ஒட்டியே முறையாகப் பதியப்பெறலாயின. அவ்வாண்டிலேயே கொம்யூன் ஆட்சியும் வகுக்கப்பட்டு, ஊர்மக்கள் ‘மேரி’ என இன்றும் கூறும் அலுவலகங்களிற் பதிவேடுகள் தொடங்கின. கப்பலேறியோருட் பெரும்பாலார் அதற்கு முன் சென்றுவிட்டனர். எனவே அவனுடைய பதிவை அன்று, அவன் விட்டுச்சென்ற உடன்பிறந்தார் மக்களின் பதிவையே தேடல் வேண்டும். பேரன் பெயரிற் பாட்டன் பெயர் மீளும் என்னும் வழக்கு ஈண்டு உதவும். 1885-ஐ ஒட்டிய பதிவில், அவ்வூரில் நாகப்பன் மகன் குப்பன் என்றோ, குப்பன் மகன் நாகப்பன் என்றோ ஒரு குடி அடுத்தடுத்து வருமாயின், அதுவே அவன் குடி எனத் துணிதற்கு இல்லை. ஆராயத்தக்க குடி எனலாம். குப்பனும் நாகப்பனும் ஊர்தோறும் உளர் என்பதை மறத்தலாகாது.

நகரத்தாரின் வரலாறு சற்று வேறு. 1873-இல் மூடுகாலணி அணிந்து நீதிமன்றம் புகுந்து வழக்கிற்கு உள்ளான வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, 1881-ஆம் ஆண்டு செப்டெம்பர் 21-ஆம் நாள் ஆணைப்படி இந்தியத் தனிச்சட்டத்தைத் துறந்து லபோர்த்து எனக் குடிப்பெயர் கொண்டார். அவரைப் பின்பற்றிப் பலர் பிரெஞ்சுக் குடிப்பெயர் பூண்டனர். அவருட் பலர் சைகோனுக்கும் பிற இடங்கட்கும் அலுவலராயும் படைவீரராயும் சென்றனர். ‘சொல்தா’ குடும்பம் என இன்றும் ஊரில் வழங்குவது இவர்தம் வழியினரையே. இவர்க்குக் குடிப்பெயரும் உண்டு, ஊரும் உண்டு. ஆதலின் இவர் மரபைத் தேடல் எளிது. ஒரு குறையுண்டு. புதுப்பெயர் பூண்ட நாளுக்கு முற்பட்டதை அறிய, அப்பெயர் பூண்ட ஆவணத்தைக் காணாமல் இயலாது.

ஆட்சி மாற்றமும் தாள்களைப் பிரித்தது. 1954-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் வில்லியனூரை அடுத்த கீழூரில் நிகழ்ந்த வாக்கெடுப்பிற்குப் பின் நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி இந்தியாவுக்கு மாறியது. சட்டப்படியான மாற்றம் 1962-ஆம் ஆண்டு ஆகசுடு 16-ஆம் நாள் நிகழ்ந்தது. அதனால் ஒரே குடும்பத்தின் தாள்களுட் சில பிரான்சிலும், சில புதுச்சேரியில் உள்ள இந்தியத் தேசிய ஆவணக் காப்பகக் கிளையிலும், சில கொம்யூன் அலுவலகத்திலும் கிடக்கின்றன. பிரெஞ்சு நிலமும் ஆங்கிலேயர் ஆண்ட தென்னார்க்காடும் ஒன்றனுள் ஒன்று பின்னிக் கிடந்தமையால், ஆற்றுக்கு அக்கரை ஊரைத் தேடுவோர் விழுப்புரத்திற்கோ கடலூருக்கோ செல்ல நேரும்.

இத்தேடல் வெறும் ஆர்வத்தால் மட்டும் நிகழ்வதன்று. இந்திய அரசு 2005 முதல் வழங்கும் அயல்நாட்டு இந்தியக் குடியுரிமை அட்டை, பொதுவாகக் கொள்ளுப்பேரன் வரையுள்ள வழியினர்க்கே உரியது. 1853-க்கும் 1888-க்கும் இடையே சென்றோரின் இன்றைய வழியினர் ஐந்தாம் ஆறாம் தலைமுறையினர். சுரினாமில் உள்ள இந்திய வழியினர்க்கு இவ்வெல்லை 2023-இல் ஆறாம் தலைமுறை வரை நீட்டிக்கப்பட்டது. இத்தகைய நீட்சி கிட்டினும் கிட்டாவிடினும், ஒவ்வொரு தலைமுறைக்கும் சான்று காட்டல் வேண்டும். ஈண்டுத்தான் நம்போன்றோரின் பொறுப்பு மிகுகின்றது. கடல் பல கடந்து வந்த ஒருவர், எம் ஊர் எது என வினவி நிற்குங்கால், ஏதேனும் ஓரூரைச் சுட்டி மகிழ்வித்து அனுப்பும் ஆசை எவர்க்கும் எழும். பெயரொலி ஒத்தது என்ற ஒன்றைக் கொண்டு ஊர் காட்டியோர் உண்டு. அவ்வூரார் மாலையிட்டு வரவேற்றதும் உண்டு. பின்னர்ப் பதிவேட்டில் வேறோர் ஊர் காணப்படின், அம்மாலையை என்செய்வது? அறியோம் என்று கூறுதல் அவ்விடத்திற் கொடுமை போலத் தோன்றினும், பொய்யூர் காட்டுதல் அதனினும் பெருங்கொடுமை. அவர்தம் முன்னோர் ஒரு முறை பொய்கூறி அழைத்துச் செல்லப்பட்டோர்.

தமிழ்த்துறைகள் செய்யத்தக்க பணி ஒன்று கண்முன் உள்ளது. ரா. பி. சேதுப்பிள்ளையவர்கள் 1946-இல் ஊர்ப்பெயர் ஆராய்ச்சிக்கு வழி வகுத்தார்கள். புதுச்சேரி மாநிலக் கல்வெட்டுக்களைப் பாகூர் குப்புசாமி தொகுக்க, விசயவேணுகோபால் பதிப்பித்து, 2006-லும் 2010-லும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் வெளியிட்டது. திருபுவனை, பாகூர், திருவாண்டார்கோயில் முதலிய ஊர்களின் சோழர்கால வடிவங்கள் அவற்றிற் கிட்டும். ஆயின் கல்வெட்டு வடிவம், எழுத்துத் தமிழ் வடிவம், பேச்சு வடிவம், பிரெஞ்சு ஆவண வடிவம், ஆங்கில ஆவண வடிவம் என ஐந்தும் ஒருங்கே தரும் ஊர்ப்பெயர் அட்டவணை நம்மிடம் இன்றளவும் இல்லை. பட்டமேற்படிப்பு மாணாக்கர் நால்வர் ஓராண்டு உழைப்பின், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு, பாகூர் கொம்யூன்களுக்கேனும் அதனைச் செய்து முடிக்கலாம். செல்லிப்பட்டிலிருந்தே தொடங்குதல் நன்று. அதன் ஈறு ஒன்றே பாதிச் சிக்கலைக் காட்டிவிடும். அடுத்து அணையின் மறுபுறத்துள்ள பிள்ளையார்குப்பத்தை எழுதுங்கால் மட்டும் வரியை இரண்டாகப் பிரிக்கவேண்டும். பாகூர்ப் பக்கத்தில் அதே பெயரில் வேறோர் ஊர் இருக்கின்றது.